ரேடியோ வாய் பார்த்த கதை

ஆணிப் பட்டறையில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். காது கேட்காத ஒருத்திக்கு அப்படிப் பெயர் வைக்கிற அளவுக்கு அங்கே இருப்பவர்களுக்குக் குசும்பு உண்டு. ஆனால் வைத்த பெயரில் நியாயமும் உண்டு. இயந்திரங்கள் கம்பியை இழுத்து, நறுக்கி, தலையில் ஓர் அடி அடித்து, ஆணியாக்கித் துப்பிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. காலையில் உள்ளே கால் வைத்தால் எல்லோரும் செவிடர்கள்தான். சின்ன வயதில் ஒரு காய்ச்சலோடு காதையும் பறிகொடுத்த இவள் ஒருத்தி மட்டும் அங்கே எல்லாவற்றையும் கேட்பாள், கண்ணால். அந்தக் கோடியில் ஒருவர் உதட்டை அசைத்தால், இந்தக் கோடியில் இருப்பவருக்கு அதை எடுத்துச் சொல்வாள். மேனேஜர் கண்ணாடி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசுவதும் பட்டறை முழுக்க உடனுக்குடன் ஒலிபரப்பாகும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மேனேஜர் கடைசியில் கண்ணாடிக்கு ஒரு திரை வாங்கி மாட்டினார்.

வாய் பார்த்துக்கொண்டு நிற்காதே என்று மற்றவர்களைத் திட்டுவார்கள். இவளுக்கு அதுதான் பிழைப்பு.

அந்தப் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு, அதுவும் இவள் போட்டது. ‘போடு’, ‘மூடு’ என்ற இரண்டு சொற்களையும் உள்ளே யாரும் சொல்லக் கூடாது. காதுக்கு அவை வேறு வேறு. உதட்டில் பார்த்தால் அக்கா தங்கை. ஒருமுறை மூத்த தொழிலாளி ஒருவர் மூடியை மூடச் சொல்ல, எதிரில் நின்றவர் சுவிட்சைப் போட, ஒரு விரல் மயிரிழையில் தப்பியது. அன்றைக்கே ரேடியோ எல்லோரையும் வாசலில் கூட்டி, இனிமேல் ‘ஓட்டு’, ‘சாத்து’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். உதட்டில் எந்தச் சொல் எந்தச் சொல்லுக்கு இரட்டைப் பிள்ளை என்று அவளிடம்தான் கேட்க வேண்டும். ‘மாமா’வும் ‘பாப்பா’வும் ஒரே ஆள்தான் என்பாள். நாத்தனாரின் வீட்டுக்காரர் வந்துவிட்டுப் போன செய்தியை யாராவது சொன்னால், “மாமாவா பாப்பாவா? பால் கொடுக்கணுமா, காபி கொடுக்கணுமா?” என்று கேட்டு வாங்கிக்கொள்வாள்.

அவள் புருஷன் ஒயரிங் வேலை செய்கிறவர். கல்யாணப் பேச்சு வந்தபோது அவரிடம் அவள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: மீசை கூடாது. மேலுதட்டில் புதர் மண்டியிருந்தால் பாதிப் பேச்சு அதற்குள் போய்விடும். ஆசை ஆசையாக வளர்த்த மீசையை அவர் மறுநாளே மழித்துவிட்டு வந்து நின்றார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவரை அவளுக்குப் பிடித்துப்போனது. வீட்டில் அடுப்புக்கு மேல் ஒரு விளக்கு, சாப்பிடும் இடத்தில் ஒன்று, படுக்கையின் தலைமாட்டில் ஒன்று என்று அவர் மாட்டிவைத்ததைப் பார்த்தால் விளக்குக் கடை தோற்றுப்போகும். இருட்டில் அவளுக்கு எந்தப் பேச்சும் கிடையாது. சண்டை போடுவதென்றாலும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் போட வேண்டும். ‘கேட்டது போதும்’ என்று தோன்றினால் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அதோடு அந்த வீட்டில் எந்த வழக்கும் தள்ளுபடி.

இப்படிப்பட்டவளின் மனதில் ஒரு வார்த்தை மட்டும் பசுமரத்தாணி போல இறங்கிக் கிடந்தது. அது முதல் பிரசவத்தின்போது அடித்த ஆணி.

பெரிய ஆஸ்பத்திரியில்தான் அந்தப் பிரசவம். புருஷன் வெளியே நிற்க, உள்ளே எல்லோரும் முகக்கவசத்தோடு நடமாடினார்கள். அவளுக்கு அது சுவர்களுக்கு நடுவில் படுத்திருப்பது போலத்தான். கடைசிக் கட்டத்தில், பிரசவம் பார்த்த மருத்துவச்சி முகக்கவசத்தை மோவாய்க்குக் கீழே இறக்கிவிட்டு அவள் முகத்துக்கு நேரே குனிந்து சொன்னார்: “முக்கு, முக்கு.” வாயைப் பார்க்கக் கிடைத்த சந்தோஷத்தில் இவளும் உடம்பிலிருந்த பலத்தையெல்லாம் திரட்டி முக்கினாள். மருத்துவச்சி தலையை ஆட்டி ஆட்டி மறுபடி சொல்ல, இவள் மறுபடி முக்கினாள். பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. தாய்தான் மோசமாகக் கிழிந்துபோனாள். மயக்க மருந்து கொடுத்துத் தைத்தார்கள். உட்கார முடியாமல், சிரிக்கப் பயந்து, இருமப் பயந்து பல வாரம் கிடந்தாள்.

அதையும் அவள் மறந்திருப்பாள். மறக்க முடியாதது, அன்றைக்குக் கதவின் கண்ணாடி வழியே பார்த்தது. வெளியே நின்ற மருத்துவச்சி இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “சொல்றதைக் கேக்கவே மாட்டேங்கறா.”

கேட்பது என்றால் காதால் கேட்பதும்தான், சொன்னபடி நடப்பதும்தான். நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல். காது கேட்காததற்காக அவள் யாரிடமும் வெட்கப்பட்டதில்லை. ஆனால் சொன்னதைக் கேட்காதவள் என்ற பட்டம் அவளுக்குப் பொறுக்கவில்லை. முக்கச் சொன்னார்கள், முக்கினாள். பிறகு பழியையும் அவள் தலையிலேயே போட்டார்கள். அந்த மருத்துவச்சியை நினைத்தாலே ஐந்து வருடமாக அவளுக்கு வயிறு எரிந்தது.

இப்போது இரண்டாவது குழந்தை வயிற்றில். பிரசவம் பார்க்க யாரைப் பிடிப்பது என்பதுதான் வீட்டில் மூன்று வேளையும் பேச்சு. அந்த ஊரில் மருத்துவச்சிகள் மூன்று வகை. ஆஸ்பத்திரியில் முறை மாற்றி முறை வேலை பார்ப்பவர்கள் ஒரு வகை. அன்றைக்கு யார் முறையோ அவர்தான் பார்ப்பார். பூங்காவுக்குப் பின்னால் பிரசவ இல்லம் நடத்துகிற நால்வர் இன்னொரு வகை. நாலு பேரையும் முன்கூட்டியே பழகிக்கொள்ளலாம், நாலில் ஒருவர் நிச்சயம் வருவார். மூன்றாவது, வீட்டுக்கே வந்து பார்ப்பவர். முதல் மாதத்திலிருந்து கடைசி வரை அதே ஆள், அதே முகம். ரேடியோவின் கவலை ஒன்றுதான். அந்த நேரத்தில் தனக்குச் சொல்வது தனக்குப் புரிய வேண்டும். இன்னொரு முறை கிழிந்தாலும் தாங்கிக்கொள்வாள். இன்னொரு முறை ‘கேட்காதவள்’ ஆவதற்கு அவள் தயாராக இல்லை.

நாத்தனார், வீட்டுக்கு வந்து பார்க்கிற மருத்துவச்சியின் கட்சி. தன் மூன்று பிள்ளைகளும் வீட்டில்தான் பிறந்தார்கள் என்று தொடங்கினால், மூன்று கதையையும் முடிக்காமல் எழுந்திருக்க மாட்டார். ஆஸ்பத்திரியின் மேல் இருந்த கோபத்தில் ரேடியோவுக்கும் அதுவே சரியென்று பட்டது. சொல்லியனுப்பியதும் வீட்டு மருத்துவச்சி ஸ்கூட்டரில் பெரிய பையோடு வந்து இறங்கினார். தங்கமான மனுஷி. ஆனால் காது கேட்காது என்று தெரிந்ததும், ஒவ்வோர் எழுத்துக்கும் வாயைக் குகை போலத் திறந்து திறந்து பேச ஆரம்பித்தார். எழுத்தைப் பெரிதாக எழுதினால் படிக்க வசதியாக இருக்கும் என்ற நல்லெண்ணம்தான். உண்மையில் அது எழுத்தின் மேல் மையைக் கொட்டுவது மாதிரி. சாதாரணமாகப் பேசுங்கள் என்று ரேடியோ கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள்.

அடுத்த சிக்கல், அவருடைய முறை. ஜன்னலை மூடித் திரை போட்டு, அறையை மங்கலாக வைத்துக்கொண்டு, தாய் தன் உடம்போடு தனியாக இருக்கும்படி பார்த்துக்கொள்வாராம். வெளிச்சம் குறைந்தால் வலியும் குறையும் என்று அவர் சொன்னார். ரேடியோ புருஷனைப் பார்த்தாள். வேண்டுமானால் நாலு பெரிய பல்ப் போட்டுவிடுகிறேன் என்று அவர் ஆர்வமாக எழுந்து மேலே வயரைத் தேட ஆரம்பித்துவிட்டார். “இது பிரசவம்ங்க, கல்யாண மண்டபம் இல்ல” என்றார் மருத்துவச்சி.

எப்படியாவது ஒத்துப்போயிருப்பார்கள். ஆனால் முதல் பிரசவம் எப்படி நடந்தது என்று கேட்டு, கிழிந்ததைப் பற்றி எல்லாம் விசாரித்த பிறகு அவர் பையை மூடினார். அவ்வளவு தூரம் தையல் போட்ட உடம்பை வீட்டில் வைத்துப் பார்ப்பது சரியில்லை, பக்கத்தில் டாக்டர் இருக்க வேண்டும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மறைத்துப் பேசாமல் சொன்னதற்காக ரேடியோவுக்கு அவர் மேல் மரியாதை கூடியது. நாத்தனாருக்குத்தான் தன் பிள்ளைகளையே திருப்பிக் கொடுத்துவிட்ட மாதிரி முகம் வாடிப்போனது.

பிரசவ இல்லத்துக்குப் புருஷனும் கூடப் போனார். அறைகள் பளிச்சென்று இருந்தன, ஜன்னல்கள் பெரியவை, நாலு மருத்துவச்சிகளும் சிரித்த முகம். ஆனால் நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருத்திக்குச் சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்ளும் பழக்கம். அவள் எதற்கெடுத்தாலும் சிரித்தாள். பிரசவத்தை எப்படிப் பார்ப்பார்கள் என்று செய்தே காட்டினார்கள். தாயை உட்கார வைத்து, ஒருவர் பின்னால் உட்கார்ந்து முதுகைத் தாங்கிக்கொள்வார், காதோரம் ஆறுதலாகப் பேசிக்கொண்டே இருப்பார். முதுகுக்கு இதம்தான். காதோரம் பேசி ரேடியோவுக்கு என்ன பயன்? யாராவது முன்னால் உட்காரலாமே என்று அவள் கேட்டதற்கு, முன்னால் உட்காருகிறவர் குனிந்து குழந்தையைப் பார்க்க வேண்டுமே என்றார்கள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

அங்கேயும் புருஷன்தான் கை கொடுத்தார். எதிர்ச் சுவரில் ஓர் ஆளுயரக் கண்ணாடியை மாட்டினால் பின்னால் பேசுகிற வாய் முன்னால் தெரியும் என்றார். நால்வரும் ஒப்புக்கொண்டார்கள். ரேடியோவும் சரி என்றாள். மனதுக்குள் கொஞ்சம் இடித்தது. ஆனாலும் எத்தனை நாள்தான் யோசித்துக்கொண்டிருப்பது? அவசரம் என்றால் அனுப்ப வசதியாக, பெரிய ஆஸ்பத்திரியில் ஒருமுறை உடம்பைக் காட்டிவிட்டு வரச் சொன்னார்கள். அது அந்த இல்லத்தின் வழக்கம்.

ஐந்து வருடம் திரும்பிப் பார்க்காத படியில் ரேடியோ அப்படித்தான் புருஷனோடு மறுபடி ஏறினாள். பரிசோதனை அறைக்குள் கையைக் கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பினார். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்ணே போதுமாக இருந்தது. அதே மருத்துவச்சி.

அவருக்கும் இவளை ஞாபகம் இருந்தது. முகக்கவசத்தை இறக்கிவிட்டு, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார். ரேடியோ அத்தனை நாள் வயிற்றில் எரிந்ததை நேராக வெளியே எடுத்துப் போட்டாள்.

“நீங்கதான் என்னை முக்கச் சொன்னீங்க. அப்புறம் நான் சொல்றதைக் கேக்கலன்னு சொன்னீங்க. ஏன் சிஸ்டர் அப்படிச் சொன்னீங்க?”

மருத்துவச்சி திகைத்துப்போனார். புருஷன் காதில் விழுந்த பதில் இது: “நான் முக்குன்னு சொல்லவே இல்லம்மா. மூச்சுன்னு சொன்னேன்.”

ரேடியோ கண்ணில் விழுந்த பதில் வேறு: “நான் முக்குன்னு சொல்லவே இல்லம்மா. முக்குன்னு சொன்னேன்.”

அவள் புருஷன் பக்கம் திரும்பி, இந்த அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று சத்தமாகவே கேட்டாள். தன் குரலின் அளவு அவளுக்கு என்றைக்குமே தெரிந்ததில்லை. புருஷன் அவசரமாக அவள் தோளைப் பிடித்து, “மூச்சு. அவங்க சொன்னது மூச்சு” என்றார்.

“அதைத்தானே நானும் சொல்றேன். முக்குன்னுதான் சொன்னாங்க.”

“ஐயோ, முக்கு இல்ல. மூச்சு!”

“முக்கு இல்லாம முக்கா? உங்களுக்கும் என்ன ஆச்சு?”

அவர் பேச்சை விட்டார். நெஞ்சில் கையை வைத்து, ஆழமாக மூச்சை இழுத்து, சூடான டீயை ஆற்றுவது போல ‘ஃபூ’ என்று ஊதிக் காட்டினார். மறுபடி இழுத்தார், மறுபடி ஊதினார்.

ரேடியோ அவர் ஊதுகிற உதட்டைப் பார்த்தாள். பிறகு மெல்ல நடந்து, கை கழுவும் இடத்துக்கு மேலிருந்த கண்ணாடி முன்னால் போய் நின்றாள். ‘மூச்சு’ என்றாள். ‘முக்கு’ என்றாள். உதடு மூடியது, குவிந்தது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் வாய்க்குள்ளேயே நடந்துவிடுகிறது. அச்சு அசல் இரட்டைப் பிள்ளை. பட்டறையில் ‘போடு’வையும் ‘மூடு’வையும் பிரித்துவைத்த கெட்டிக்காரி, கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டே கிணற்றில் விழுந்திருக்கிறாள். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று புருஷனுக்கே தெரியவில்லை.

மருத்துவச்சி ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரில், ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி போட்டு உட்கார்ந்தார்.

“உனக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சுதான்மா மாஸ்க்கை இறக்கிட்டுச் சொன்னேன். தலை வர்ற நேரம், முக்காம மெல்ல ஊதினா கிழியாது. நான் சொல்லச் சொல்ல நீ முக்கிட்டே இருந்த. சரியான பிடிவாதக்காரின்னு நெனச்சேன்.”

“நான் உங்களை அதைவிட மோசமா நெனச்சேன்” என்றாள் ரேடியோ.

அதற்கு அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் வேறு யாரும் இறக்காத முகக்கவசத்தை அவளுக்காக இறக்கியவர் அந்த ஒருவர்தான். அவரைத்தான் இவள் ஐந்து வருடமாகக் கரித்துக்கொட்டியிருக்கிறாள். ரேடியோவுக்கு வெட்கமாகவும் இருந்தது. ஏதோ தொலைத்த பொருள் கிடைத்த மாதிரி ஆறுதலாகவும் இருந்தது.

ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டாள். நிலைக்கண்ணாடியில் நாலு வாயைத் துரத்துவதைவிட இது மேல் என்று அவளுக்குத் தோன்றியது. விஷயம் தெரிந்ததும் நாத்தனார் கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும் மறுபடி தலைகீழாக்கியது. “எல்லாம் சரி. அன்னிக்கு அந்தம்மா டியூட்டியில இல்லன்னா?”

வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசுகிற நாத்தனார், வாழ்க்கையில் ஒருமுறை சரியான கேள்வி கேட்டுவிட்டார். அடுத்த முறை போனபோது ரேடியோ அதை மருத்துவச்சியிடமே கேட்டாள். நிச்சயம் நான் இருப்பேன் என்று பொய் சொல்ல அவர் விரும்பவில்லை. முறை எப்போது யாருக்கு வரும், குழந்தை எப்போது வரும், இரண்டும் அவர் கையில் இல்லை. ரேடியோ யோசித்தாள். ஆள் மாறுவதைத் தடுக்க முடியாது. பட்டறையிலும் ஆள் மாறிக்கொண்டேதானே இருக்கிறார்கள்? அங்கே சொல்லைத்தானே மாற்றினாள்?

“சிஸ்டர், மூச்சுன்னு சொல்லாதீங்க. ஊதுன்னு சொல்லுங்க” என்றாள்.

மருத்துவச்சி அறையின் கோடிக்குப் போய், குரலே இல்லாமல் ‘ஊது’ என்றார், ‘முக்கு’ என்றார், மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார். ரேடியோ ஒருமுறைகூடத் தப்பவில்லை. ஊதுவதற்கு உதடு மூடவே மூடாது. குருடருக்கும் தெரியும் என்று அவள் சொல்ல, ஒரு செவிடு இவ்வளவு பேசும் என்று நான் நினைக்கவே இல்லை என்றார் அவர். அந்தச் சொல்லைத் தன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் சொல்லிவைப்பதாகச் சொன்னார். சொல்லிவைப்பார்தான். ஆனால் அவரவர் வேலை நெருக்கடியில் யார் ஞாபகம் வைத்துக்கொள்ளப் போகிறார்கள்? அந்தப் பயம் கடைசி நாள் வரை ரேடியோவின் அடிவயிற்றில் குழந்தையோடு குழந்தையாக இருந்தது.

ஒரு காலை நேரத்தில், மூத்தவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது வலி எடுத்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தால், நாத்தனார் வாய் முகூர்த்தம் பலித்துவிட்டது. பழைய மருத்துவச்சி இல்லை. மதியத்துக்கு மேல்தான் வருவாராம். வந்து நின்றவள் நெடுநெடுவென்று வளர்ந்த ஓர் இளம் பெண். முன்பின் பார்த்ததே இல்லை. கண் வரை முகக்கவசம். புருஷன் இந்த முறை உள்ளேயே இருந்தார்; அவர் கையை அவள் பிடித்த பிடியில், அன்றைக்குப் பிறகு பல நாள் அவரால் ஸ்க்ரூடிரைவர் பிடிக்க முடியவில்லை என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

காது கேட்காது, வாயைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னதும், நெட்டைப் பெண் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, நெற்றியிலிருந்து தொங்குகிற, முகம் தெரிகிற பிளாஸ்டிக் தடுப்பு ஒன்றை மாட்டிக்கொண்டு வந்தாள். வாய் தெரிந்தது. சின்ன வாய், தெளிவான உதடு. வாய் தெரிந்து என்ன? அதில் என்ன சொல் வரும்?

வலி உச்சிக்கு ஏறி, எல்லாம் மங்கி, அந்தச் சின்ன வாய் ஒன்றுதான் உலகத்தில் மிச்சம் என்று ஆனபோது, அது மூடாமல் குவிந்தது.

“ஊது.”

ரேடியோ ஊதினாள்.

“ஊது. ஊது. மெதுவா ஊது.”

உடம்பு முழுக்க முக்கச் சொல்லிக் கதற, அவள் அந்த வாயை மட்டும் கேட்டாள். ஊதினாள், ஊதிக்கொண்டே இருந்தாள். ஒரு வாசல் மெல்லத் திறப்பது போல வழி விட்டது. பிறகு உதடு மூடி, “முக்கு” என்றது. முக்கினாள். குழந்தை வந்து விழுந்தது. இந்த முறை ஒரு தையல்கூடத் தேவைப்படவில்லை.

நெட்டைப் பெண் குழந்தையைத் தூக்கிக் காட்டி ஏதோ சொன்னாள். அரை மயக்கத்தில் இருந்த ரேடியோ புருஷனிடம், “மாமாவா? மாமா எதுக்கு இங்க வந்தார்?” என்று கேட்டாள். அவர் அழுதுகொண்டே சிரித்தார். பிறகு நெட்டைப் பெண்ணுக்கு நன்றி சொல்லி, எங்களுக்காக அந்தச் சொல்லை ஞாபகம் வைத்துச் சொன்னாயே அம்மா என்றார். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இங்கே எல்லோரும் எல்லோருக்கும் ஊது என்றுதான் சொல்கிறோம், பெரிய சிஸ்டர் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று மாற்றிவிட்டார், போன மாதம் நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அப்படித்தான் இருந்தது என்றாள். அது யாருக்காக வந்த சொல் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

மதியம் முறை மாறியது. குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு படுத்திருந்த ரேடியோவின் பார்வை கதவின் கண்ணாடிக்குப் போனது. அதே கதவு, அதே கண்ணாடி. வெளியே பழைய மருத்துவச்சி அவசரமாக வந்து நின்று ஏதோ கேட்க, நெட்டைப் பெண் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். சின்ன வாய், தெளிவான உதடு.

“நான் சொன்னதெல்லாம் அப்படியே கேட்டாங்க சிஸ்டர். இவ்வளவு நல்லா யாரும் கேட்டதே இல்ல.”

பழைய மருத்துவச்சி கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார். ரேடியோ பார்த்துவிட்டாள் என்று அவருக்குப் புரிந்தது. முகக்கவசத்தை இறக்கிவிட்டுச் சிரித்தார்.

வெளியே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று புருஷன் கேட்டார். பட்டறை முழுக்க ஒலிபரப்பி மேனேஜரைத் திரை வாங்க வைத்தவள், இந்த ஒரு செய்தியை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. குழந்தையை இன்னும் கொஞ்சம் அணைத்துக்கொண்டு, கேட்டது போதும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.